சுந்தரியின் ரோஜாக் கம்பளி

ஷார்ஜாவில், முவைலாவில் இருந்த எங்கள் வீட்டில் பனி என்றால் ஃப்ரீசரின் சுவரில் கட்டிக்கொண்டிருப்பதுதான். அம்மா தோசைத் திருப்பியால் சுரண்டிப் போடுவாள். அந்தச் சுரண்டலுக்கே நானும் தம்பியும் முடியைப் பிடித்துச் சண்டை போடுவோம். ஆகவே, மலைமேல் நிஜமான பனி விழப்போகிறது என்று அப்பாவின் கைப்பேசிக்கு யாரோ செய்தி அனுப்பியபோது எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா மட்டும் நம்பவில்லை. "பாலைவனத்துல ஐஸ் விழுதாம். நாளைக்கு மதுரைக்குக் கடல் வந்திருச்சும்பானுங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

நம்பாவிட்டாலும் அந்த வாரக்கடைசியில் மலைக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. மாமா அங்கேதான் இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராசல் கைமாவைத் தாண்டி, ஜெபல் ஜெய்ஸ் மலையின் மேலே ஒரு அரபியின் பண்ணையில் அவருக்கு வேலை. ஊரில் கேட்பவர்களிடமெல்லாம் அம்மா அவரை 'மேனேஜர்' என்று சொல்லிவைத்திருந்தாள். அது பொய் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அத்தனை ஆடுகளையும், ஒரு கழுதையையும், முதலாளியின் மகள் கொண்டுவந்து சேர்க்கும் நாய்களையும் ஒரே ஆளாகக் கட்டி மேய்ப்பவர் மேனேஜர் இல்லாமல் வேறு யார்?

நாய்கள் அங்கே வந்த கதை கொஞ்சம் சோகமானது. வேலை முடிந்து நாடு திரும்புகிறவர்களில் சிலர் வளர்த்த நாயைப் பாலைவனச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். முதலாளியின் மகள் கல்லூரிக்குப் போகிற வழியில் அப்படி ஒரு நாயைக் கண்டால் அவளால் தாண்டிப் போக முடியாது. காரில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து மாமாவிடம் விட்டுவிடுவாள். மாமா ஆடுகளிடம் தமிழ் பேசுவார், கழுதையிடம் அரபி பேசுவார், நாய்களிடம் மட்டும் ஆங்கிலம். "எல்லாம் பெரிய வீட்டுல வளந்ததுக. தமிழ்ல வாடா போடான்னா மனசு சங்கடப்படும்ல" என்பார்.

அவற்றில் ஒன்று, பனி நாட்டு வண்டிகளை இழுக்கும் இனத்தைச் சேர்ந்த, சாம்பல் நிறத்தில் நீலக்கண் கொண்ட பெரிய நாய். வெயிலில் அதற்கு உயிரே இருக்காது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு, வருவோர் போவோரைப் பார்த்துக் கண்ணை மட்டும் திறந்து மூடும். மாமா அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார். தீனித் தட்டை அதன் வாய்க்கு அருகிலேயே கொண்டுபோய் வைத்து, "சார், ஒரு கையெழுத்து" என்பார்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தவள் சுந்தரி. குட்டியும் இல்லாமல் பெரிய நாயும் இல்லாமல் நடுவில் நிற்கிற வயது. சொறி பிடித்து உடம்பில் ஒரு முடி இல்லை. தோலுரித்த சேப்பங்கிழங்கு போல இருப்பாள். மாமா மூன்று வேளையும் மருந்து தடவி, மடியில் வைத்துச் சோறு ஊட்டினார். எனக்கு அவள்மேல் பைத்தியம். அவளுக்கு முடி முளைக்கிறதா என்று பார்க்கத்தான் நான் ஒவ்வொரு வாரமும் மலைக்குப் போக அழுவேன்.

அந்த முறை போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேவகோட்டைப் பக்கத்துப் பெண். அடுத்த வாரம் மாமா லீவில் கிளம்புகிறார், அவர் பின்னாலேயே நாங்களும். எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தாகிவிட்டது. லீவில் போகிறவர் தலையில் நாலு குடும்பத்துச் சாமானை ஏற்றுவது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் என்பதால், அம்மா அனுப்பிய பால்பவுடர், தைலம், சோப்பு, சித்திக்கான போர்வைகள் எல்லாம் மாமாவின் அட்டைப்பெட்டிக்குள் முன்பே போய்விட்டன. மாமா அதற்கு டேப் ஒட்டி, நீல நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் ஊர் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார். ஆடு கடித்துவிடுமே என்று பெட்டியைக் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டு, அவர் கீழே பாய் விரித்துப் படுத்தார். கட்டி முடித்த பெட்டியை ஊர் போய்ச் சேர்கிறவரை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் பயணம் தடங்கும் என்று அம்மா அதன் பக்கத்தில்கூட எங்களை விடமாட்டாள்.

நாங்கள் போய் இறங்கியபோது காற்று காதைப் பிய்த்தது. வானம் கழுவாத ஈயச்சட்டி நிறத்தில் இருந்தது. மாமா தண்ணீர்த் தொட்டியின்மேல் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பண்ணையில் அங்கே மட்டும்தான் போன் எடுக்கும். கையை நீட்டி வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "அத்தைதான், வரப்போற அத்தைதான்!" என்று தம்பி குதித்தான். மாமா எங்களைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு போனைத் திருப்பி, பட்டி, கழுதை, தாசில்தார், தன் தகர அறை, கடைசியாக நாங்கள் என்று மெதுவாகச் சுற்றிக் காட்டினார். எங்களுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. தம்பி கழுதைமேல் ஏறப் பார்த்தான். நான் ஓடிப்போய்ச் சுந்தரியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தை, இங்க பாருங்க! இவதான் சுந்தரி!" என்று தலைக்கு மேலே பிடித்துக் காட்டினேன். அவளும் நாலு காலையும் காற்றில் ஆட்டினாள்.

மாமா வெகுநேரம் கழித்துத்தான் கீழே இறங்கினார்.

"அத்தை என்ன சொன்னாங்க மாமா?"

"சிக்னல் போயிருச்சு ஆத்தா" என்று என் தலையைத் தட்டிவிட்டு ஆடுகளுக்குப் புல் போடப் போய்விட்டார்.

மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தோம். தகரக் கூரையில் யாரோ அரிசியை அள்ளி வீசுவதுபோல் ஒரு சத்தம். கதவைத் திறந்தால் முற்றமெங்கும் வெள்ளைக் கல் துள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகு வந்ததுதான் பனி. மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், இலவம்பஞ்சு போல விழுந்தது. அப்பா எச்சில் கையோடு வெளியே ஓடி நின்று வாயைத் திறந்தார். நாக்கில் ஒன்று விழுந்ததும், "ஏய், நெசமாவே ஐஸுடீ!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். நாங்கள் உருண்டோம், அள்ளினோம், தின்றோம், ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டோம். அம்மாகூடப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் முதுகைப் பார்த்து ஒரு உருண்டை விட்டாள். குறி தவறிக் கழுதைக்குப் பட்டது.

ஆனால் அன்றைய நாயகன் தாசில்தார்தான். நிழலில் படுத்திருந்த அது முதலில் மூக்கை நீட்டி முகர்ந்தது. எழுந்தது. பிறகு அதற்குள்ளிருந்து வேறொரு நாய் புறப்பட்டு வந்ததைப்போல ஒரு ஓட்டம் ஓடியது! வேலியைச் சுற்றி, அறையைச் சுற்றி, எங்களைச் சுற்றி. பனிக்குள் மூக்கைப் புதைத்து உழுதது. மல்லாந்து படுத்து முதுகைத் தேய்த்தது. வானத்தைப் பார்த்து நீளமாக ஒரு ஊளை இட்டது. "சாருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்திருச்சுடோய்!" என்று மாமா கைதட்டினார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

அப்போதுதான் பட்டிப் பக்கம் மடார் என்று ஒரு ஓசை கேட்டது. ஆடுகளுக்கு மேலே கட்டியிருந்தது வெயிலுக்கான பச்சை வலைதானே. பனி சேரச் சேரக் கனம் தாங்காமல் கம்போடு சரிந்துவிட்டது. ஆடுகள் அலறின. மாமாவின் முகம் ஒரு நொடியில் மாறியது.

"அக்கா, ரூமைத் தொறந்து விடு! அத்தான், அந்தப் பக்கம் வலையைத் தூக்குங்க! யல்லா, யல்லா!"

எல்லோரும் ஓடினோம். அப்பா வலையைத் தோளில் தாங்க, மாமா புகுந்து ஆடுகளை விரட்டிவிட, அம்மா அவற்றைத் திட்டித் திட்டி அறைக்குள் ஏற்றினாள். அன்று காலைதான் பிறந்த இரட்டைக் குட்டிகளை நானும் தம்பியும் ஆளுக்கொன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினோம். கடவுளே, அந்த ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது! கையில் ஒரு உயிர், காலடியில் பனி, பின்னால் ஊளையிட்டபடி தாசில்தார். காரை எடுத்துக்கொண்டு சாலையைப் பார்க்கப் போன அப்பா அரை வழியிலேயே திரும்பி வந்து, கீழே போலீஸ் சாலையை மூடிவிட்டார்கள் என்றார். எங்களுக்கு இன்னும் கொண்டாட்டமாகிவிட்டது. இரவு இங்கேதான்!

கொண்டாட்டம் நின்றது சுந்தரியைப் பார்த்தபோது. தொட்டிக்குப் பின்னால் நனைந்து சுருண்டு கிடந்தவளை மாமா தூக்கிவந்தார். முதலில் வெடவெடவென்று நடுங்கினாள். இருந்த ஒரே பழைய போர்வை குட்டிகளைத் துடைத்து ஈரமாகியிருந்தது. சாக்கைச் சுற்றினார்கள், மாமாவின் கைலியைச் சுற்றினார்கள், அப்பா தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தந்தார். இரும்புச் சட்டியில் கரி மூட்டிக் கதவோரம் வைத்தார்கள். நடுக்கம் நின்றது. "நின்னுருச்சு மாமா!" என்று நான் கத்தினேன்.

"நிக்கக் கூடாது ஆத்தா" என்றார் மாமா. அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். "நடுக்கம் நின்னா ஒடம்பு தோத்துப்போச்சுன்னு அர்த்தம்." நான் அழ ஆரம்பித்தேன்.

மாமா நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார். புல் அறுக்கும் அரிவாளை எடுத்தார். ஒரே இழுப்பு. நீலக் கயிறு அறுந்து தொங்கியது.

"டேய்! என்னடா பண்றே? அடுத்த வாரம் பயணம்டா!" என்று அம்மா போட்ட கூச்சலில் ஆடுகளே அடங்கிவிட்டன.

மாமா கேட்கவில்லை. டேப்பைக் கிழித்து, பால்பவுடர் டப்பாக்களை ஒதுக்கி, அடியில் கையை விட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கம்பளியை இழுத்தார். கைக்குள் புதையும் மெத்தென்ற கம்பளி. இளஞ்சிவப்பில் பெரிய பெரிய ரோஜாக்கள்.

"அது கட்டிக்கப்போறவளுக்கு வாங்குனதுடா" என்றாள் அம்மா.

"குளிருறவுகளுக்குத்தானேக்கா போர்வை" என்றார் மாமா, அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல்.

அம்மா அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். குனிந்து, சித்திக்கென்று தானே வாங்கிய போர்வைகளைத் தானே உருவி எடுத்து ஆட்டுக்குட்டிகளுக்குப் போர்த்தத் தொடங்கினாள். வீட்டில் சோபாவின் உறையைக் கசக்கினாலே அடிக்கிற அம்மா! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பனியைவிட இதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

மாமா சுந்தரியைக் கம்பளியோடு மடியில் வைத்து நெஞ்சைத் தேய்த்தார். தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டுப்பாலைச் சூடாக்கிச் சர்க்கரை போட்டு அம்மா துணியில் நனைத்து அவள் வாயோரம் வைத்தாள். முதலில் நடுக்கம் திரும்பியது. பிறகு நாக்கு வெளியே வந்து துணியைத் தேடியது. அப்பா 'ஹோ' என்று கத்தினார். நான் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தம்பி சொன்னான்: "கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்கா!"

உண்மைதான். ரோஜாக் கம்பளி முக்காடாக விழுந்திருக்க, அதற்குள்ளிருந்து சுந்தரியின் மொட்டை முகம் வெட்கப்படுவதுபோல் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், எங்களுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. ஆடு தின்னும் பசும்புல்லை முடிந்து இரண்டு மாலை கட்டினோம். மாமாவைச் சுந்தரியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காரவைத்தோம். தம்பி வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தான். அப்பா தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துத் தவில் தட்டினார். "மாப்ள, பொண்ணைப் பாருங்க, பொண்ணைப் பாருங்க!" என்று நான்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினேன். மாலையை ஒரு வெள்ளாடு வந்து தின்றது. மாமா சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழிய, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அம்மா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கரிப்புகை கண்ணைக் கரிக்கிறது என்றாள். படம் எடுக்கச் சொல்லிப் போனை நீட்டினால் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். நல்ல நாளில் இந்த அம்மா ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

விடிந்ததும் வெயில் வந்து எல்லாப் பனியையும் குடித்துவிட்டது. தாசில்தார் பழையபடி தொட்டி நிழலுக்குப் போய்ப் படுத்தது.

கல்யாணம் நடக்கவில்லை. அர்பாப் லீவு தரவில்லை என்று அம்மா சொன்னாள். அர்பாப் என்றால் முதலாளி. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு வெறுப்பு. பிறகு ஒருமுறை அவர் மலையில் எங்களைப் பார்த்து அன்போடு பேரீச்சம்பழம் நீட்டியபோது, நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. என் பட்டுப்பாவாடை பீரோவிலேயே குட்டையாகிப்போனது.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னாள்: லீவு கிடைத்திருந்தது, பெண்தான் வேண்டாம் என்றுவிட்டாள். பெட்டிக் கயிற்றை மாமா அறுத்த விதத்தைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகமாம், அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். ஊருக்குப் போகிற எவனும் அப்படி அறுக்க மாட்டான். நான் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் இன்னும் அதே மலையில்தான் இருக்கிறார். சுந்தரிக்குப் பொன்னிற முடி அடர்ந்து, இப்போது முகத்தில் நரையும் விழுந்துவிட்டது. அவளுக்குச் சீப்புப் போட்டுக்கொண்டே மாமா சொன்னார்: "மேனேஜராமே, ஆபீஸைக் காட்டுங்கன்னு கேட்டாக ஆத்தா. காட்டுனேன். பாத்துக்கிட்டே இருந்தாக, போனை வச்சுட்டாக."

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. தொட்டி அவ்வளவு உயரத்தில் இருக்கிறதே, அத்தைக்குச் சுந்தரி சரியாகத் தெரிய வேண்டுமே என்று, நுனிக்காலில் எக்கி நின்று, கை வலிக்க வலிக்க அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.