அச்சடித்த எண்ணை மாற்றாத வெர்லின்

வெர்லின் ஹாக்ஸ்டாட் எங்கள் பம்பு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஆனால் மின்னசோட்டாவின் தெற்கிலிருக்கும் எங்கள் சிற்றூரில் மார்ச் பிறந்துவிட்டால் அவரை யாரும் மெக்கானிக்காக நினைப்பதில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் ஜன்னலோர மேசையை அவருக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். பேக்கிங் ஆட்களும் வெல்டர்களும் வரிக் காகிதங்களைச் செருப்பு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து முன்னால் உட்காருவார்கள். காசு வாங்கமாட்டார். கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு கொண்டுவந்தால் மறுக்கமாட்டார். பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம்.

எங்கள் கம்பெனி தன் பங்குகளை ஊழியர்களுக்குப் பதினைந்து சதவீதத் தள்ளுபடியில் தரும். சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நூறு டாலர் பங்கை எண்பத்தைந்துக்கு வாங்கிக் கொடுக்கும். எங்கள் ஆட்களுக்கு அதை அடைகாக்கப் பொறுமை கிடையாது. கூரை ஒழுகினால் விற்பார்கள், பிள்ளைக்குப் பல் கம்பி என்றால் விற்பார்கள். அப்படிச் சீக்கிரம் விற்றால் அந்தப் பதினைந்து டாலர் வரிக்கணக்கில் சம்பளமாகிவிடும். வருட முடிவில் நான் வேலை செய்யும் சம்பளப் பிரிவிலிருந்து தரும் சான்றில் அதையும் கூட்டித்தான் அச்சிடுவோம். அதற்கான வரி அங்கேயே விழுந்துவிடுகிறது.

வினை பங்குத் தரகர் அனுப்பும் காகிதத்தில் இருக்கிறது. அதில் வாங்கிய விலை எண்பத்தைந்து என்றே போட்டிருக்கும். விதி அப்படி. அதை நூறு என்று நாமே திருத்தி எழுதவேண்டும். எழுதாவிட்டால் அதே பதினைந்து டாலருக்கு மறுபடியும் வரி. திருத்துவதற்கான விவரம் கூடவே இன்னொரு தாளில் வரும். அந்தத் தாளின் தலையில், இது வரித்துறைக்கு அனுப்பப்படவில்லை என்று எழுதியிருக்கும்.

வெர்லின் அந்த வாசகத்தைப் படித்ததும் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். "கவர்மென்ட்டுக்குப் போகாத பேப்பர வெச்சுக்கிட்டு அச்சடிச்ச நம்பர மாத்தினா அதுக்குப் பேரு திருட்டு. என் மேசைல அது நடக்காது" என்பார். நேர்மையான மனிதர். அதனால்தான் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

அவர் செய்வது தப்பு என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகவே தெரியும். என் சொந்தக் கணக்கை எழுதும்போது புரிந்துகொண்டேன். ஆனால் நான் வெளிநாட்டிலிருந்து வந்து வேலை விசாவில் இருப்பவள்; என் பெயரைக்கூட இங்கே மெக் என்று சுருக்கிவிட்டார்கள். ஊரே நம்பும் ஒருவரைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. நமக்கெதற்கு என்று காப்பிக் கோப்பையோடு அந்த மேசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த மார்ச்சில் ரெனாட்டா பிரிபில் தாண்டவிடவில்லை. பேக்கிங்கில் வேலை செய்பவள், குரல் கூடம் முழுக்கக் கேட்கும். வெர்லினுக்கு எதிரில் உட்கார்ந்து, சம்பளச் சான்றை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"ஏய் மெக், இங்க வா! நான் வாங்காத சம்பளம் இதுல ஏறியிருக்கு. உங்க ஆளுங்க தூங்கிக்கிட்டே அடிச்சதா?"

"இல்ல ரெனாட்டா. அது பங்குல உனக்குக் கெடச்ச தள்ளுபடி."

"அதுக்குத்தான் இதோ வெர்லின் வரி போட்டுட்டாரே?"

நான் வெர்லினைப் பார்த்தேன். அவர் பேனாவை நிறுத்தியிருந்தார்.

"ரெண்டு தடவையா?" என்றார் மெதுவாக.

தலையாட்டினேன். குப்பைக்கூடையிலிருந்து கசக்கிய தாளை அவரே எடுத்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவினார். படித்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் வந்து, மேசையில் உட்காராமல் கூடத்தின் நடுவில் நின்றார். தொப்பி கையில் இருந்தது.

"பங்கு வித்தவங்க எல்லாருக்கும் நான் தப்பா எழுதியிருக்கேன். நீங்க கட்டவேண்டியதுக்கு மேல கட்டியிருக்கீங்க. மூணு வருஷத்துக்குள்ள உள்ளத கவர்மென்ட் கிட்ட திருப்பிக் கேக்கலாம். அதுக்கு முன்னாடி உள்ளது…" தொப்பியின் விளிம்பைத் திருப்பினார். "அது போச்சு."



"அப்போ நான் குடுத்த ஹாட்டிஷ் எல்லாம் நட்டம்தானா?" என்றான் ஒரு வெல்டர். நாலைந்து பேர் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை.

ரெனாட்டாவும் சிரிக்கவில்லை. "டுவேன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப மொத்தமா வித்தேனே, அது?"

டுவேன் அவள் கணவன். அந்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டான்.

"அது அஞ்சு வருஷம் ஆச்சு, ரெனாட்டா."

"எவ்ளோ?"

"ஐந்நூறுக்குக் கொஞ்சம் கம்மி." அவர் தயாராக வந்திருந்தார். ஒரு உறையை நீட்டினார்.

அவள் தொடவில்லை. "உள்ள வை அத. எனக்குப் பிச்சையா போடற?"

"அது உன் பணம்."

"என் பணம் கவர்மென்ட் கிட்ட இருக்கு. இது உன் சம்பளம்." அவள் முகம் கோணியது. "அப்போ ராத்திரி ஷிஃப்ட்டும் சேத்துப் பாத்தேன் வெர்லின். அந்த ஆளு பக்கத்துல உக்காரக்கூட நேரமில்லாம. ஐந்நூறு டாலருக்கு."

அவர் உறையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.  ஐந்து வருடத்துக்கு முன்னால் எனக்கு அது தெரியாது, உண்மைதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் வாயைத் திறந்திருந்தால் அவளுக்கு அந்த மூன்று வருடக் கெடு தாண்டியிருக்காது. இதை அங்கே சொன்னேனா என்றால், இல்லை.

ரெனாட்டா ஜன்னலோர மேசையில் போய்த் தன் டப்பாவைத் தொப்பென்று வைத்தாள். "மூணு வருஷத்துக் கணக்கு இதுல இருக்கு. நீயே திருத்து."

"வேற யார்கிட்டயாவது போ. நகரத்துல ஆபீஸ் இருக்கு. காசு நான் கட்டறேன்."

"ஊர் பூரா சொல்லிட்டுத் தப்பிச்சுப் போகலாம்னு பாக்கறியா? உக்காருய்யா."

உட்கார்ந்தார். திருத்தப் படிவத்தை எடுத்தார். முதல் கட்டத்துக்கு மேல் பேனா வெகுநேரம் நின்றது.

"மெக், அந்த நம்பர நீ படி. ஒண்ணொண்ணா" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "என்னால இப்ப என் கண்ண நம்ப முடியல."

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, படிக்கத் தொடங்கினேன்.