தங்கைக்காக நான் பேசிய சிங்களம்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டி டீச்சரானவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியோ வங்கியோ, எங்கே போனாலும் எல்லோருக்காகவும் நான்தான் சிங்களத்தில் பேசுவேன். அப்பா முனகுவதைக் கொஞ்சம் மரியாதையாக்கி, அம்மா புலம்புவதைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

தங்கைக்கு எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். தேயிலைத் தோட்டப் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் இருந்தாள். அது முடிந்தபின் லயத்து வீட்டில் சும்மா கிடந்தாள். அவளைப் போன்றவர்களுக்கு இலவசமாகத் தொழில் பழக்கும் அரசாங்க நிலையம் நகரத்தில் இருப்பதாக அவளுடைய ஆசிரியை சொன்ன நாளிலிருந்து, காலையில் தலை சீவியதும், "இன்னைக்கா போறோம்க்கா?" என்று கேட்கத் தொடங்கினாள்.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். டயகம பஸ் பிடித்து இருவரும் போனோம். அங்கே ஒரே அறைதான். முன்னால் மேசை, பின்னால் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கு. வாங்கில் கடைத்தெருப் புடவைக்கடை முதலாளியம்மா தன் மகளோடு இருந்தார்.

"அடடே, டீச்சர்! நீங்க எங்க இங்க?"

"தங்கச்சி விஷயமா..." என்று இழுத்தேன். காது சுட்டது.

மேசையிலிருந்த அதிகாரி சிங்களப் பெண். மணி பார்ப்பாளா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டதும் தங்கை, "சின்ன முள்ளு தெரியும், பெரிய முள்ளு கொழப்பும்" என்றாள். "பார்ப்பாள், மிஸ்" என்றேன் சிங்களத்தில். தனியாக பஸ்ஸில் வருவாளா? "எறங்குற எடம் மறந்துரும்க்கா." வருவாள் என்றேன். வாசிப்பாளா? வாசிப்பாள். முதுகுக்குப் பின்னால் முதலாளியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும்.

அதிகாரி சிரித்தார். "நல்லது. அப்படியென்றால் இவருக்கு எங்கள் இடம் தேவையில்லை. சாதாரண தையல் வகுப்புக்கே அனுப்பலாம்."

தங்கை என் கையை உலுக்கினாள். "என்னக்கா சொல்றாங்க? சிரிக்கிறாங்க, கெடச்சிருச்சா?"

சாதாரண வகுப்பில் அவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

"மிஸ், நான் சொன்னது சரியில்லை" என்றேன். குரலைத் தாழ்த்தினேன். "இவளுக்கு மணி பார்க்க வராது."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார் அதிகாரி. சொன்னேன். தனியாக பஸ்ஸில் வரத் தெரியாது. தன் பெயரைத் தவிர வேறொன்றும் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் சொல்லும்போது பின்னால் வாங்கு கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. என்ன சொன்னேன் என்று தங்கை கேட்டதால் அவளுக்கும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகம் கொஞ்சமும் வாடவில்லை.

"சப்பாத்துக் கயிறு கட்ட வராதுன்னு சொன்னியா? அதையும் சொல்லுக்கா, விட்றாத!"

முதலாளியம்மாவின் மகள் களுக்கென்று சிரித்தாள். "ஏய், எனக்குந்தான் வராது!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "சும்மா இருடி" என்று தாய் அதட்டினார். தங்கை திரும்பி அவளைப் பார்த்துக் கையசைத்தாள். நான் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு இல்லாத வெட்கமெல்லாம் எனக்கு இருந்தது.

அதிகாரி என்னை விட்டுவிட்டு அவளிடம், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டார்: "ஒங்களுக்கு என்ன வேலை பழக விருப்பம்?"

தங்கை என்னைப் பார்த்தாள். அவளிடம் யார் எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். அதனால் காத்திருந்தாள். நான் வாயைத் திறந்தபோதுதான், எனக்கே பதில் தெரியாது என்பது உறைத்தது. ஒரு நாளும் நான் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"நீயே சொல்லு" என்றேன்.

வெகுநேரம் யோசித்தாள். இடையில் புகுந்து எதையாவது சொல்லிவிட நாக்குத் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பேக்கரி," என்றாள் தங்கை. "பன் சுடணும். கருகுனா நானே தின்னுருவேன்."

அதிகாரி என்னிடம் திரும்பினார். "திங்கட்கிழமையிலிருந்து அழைத்து வாருங்கள். பஸ் பழகும்வரை நீங்கள் கூட வரவேண்டும்."

அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்குச் சொன்னேன்.