சுண்ணாம்பு கேட்காத மூன்று நாட்கள்

அம்மா சுண்ணாம்பு கேட்பதை நிறுத்திய மூன்றாம் நாள், நான் அவளைக் காட்டிக்கொடுத்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கலைந்துபோன கர்ப்பத்தின் மிச்சத்திலிருந்து அம்மாவின் கருப்பையில் புற்று முளைத்து நுரையீரல்வரை பரவியிருந்தது. இருமினால் இரத்தம் வந்தது. காரைக்கால் ஆஸ்பத்திரி டாக்டர் பிரான்சிலிருந்து வரவழைத்த மஞ்சள் மாத்திரை ஒன்றே வழி. ஐந்து நாள் விழுங்க வேண்டும். பிறகு சில நாள் ஓய்வு. மறுபடியும் ஐந்து நாள்.

"புத்தைக் கொல்ற மருந்து, அசந்தா ஆளையும் கொன்னுடும். வாய் வெந்தா அன்னைக்கே நிறுத்திட்டு ஓடி வாங்க" என்று அவர் அப்பாவிடம் முதலிலேயே எச்சரித்திருந்தார்.

அப்பா தினமும் வாயைக் காட்டச் சொல்வார். அம்மா வெற்றிலைச் சிவப்போடு சிரிப்பாள். "பாருங்க, கோவைப்பழம் மாதிரி இருக்கு." அவரும் நம்பிவிடுவார்.

வெற்றிலை மடித்துக் கொடுப்பது என் வேலை. சுண்ணாம்பு குறைந்தால் "கஞ்சப் பிசினாறி" என்று திட்டுகிறவள், மாத்திரையின் இரண்டாம் சுற்று தொடங்கிய முதல் நாளே "சுண்ணாம்பு வேணாம்டி, சிவக்கறதுக்குக் காசுக்கட்டி போதும்" என்றாள். மறுநாளும் வேண்டாம். அதற்கடுத்த நாளும்.

அன்று எங்கள் ஊரான நெரவியிலிருந்து பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்கு இரத்தப் பரிசோதனைக்குப் போனோம். வாய் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்குங்க" என்றாள் அம்மா.

"மூணு நாளா சுண்ணாம்பே வேணாங்குதுங்க" என்றேன் நான்.

டாக்டரின் பேனா நின்றது. "வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்கம்மா."

சிவப்பு கழுவப்பட்டதும் நாக்கின் அடியிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண்கள் தெரிந்தன; சுண்ணாம்பு பட்டால் தீயாய் எரிந்திருக்கும். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. இன்னும் இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அம்மாவை அங்கேயே படுக்கவைத்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோள்மூட்டி! உனக்குப் போயி பால் குடுத்தேன் பாரு."

இரத்தம் ஏற்றினார்கள். புண் ஆறியது, அணுக்கள் ஏறின, அளவு குறைத்து மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள். ஐந்தாம் சுற்று முடிந்தபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

"தேடித் தேடிப் பாக்குறேன், ஒண்ணத்தையும் காணோம்!"

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையை நீட்டினாள். மடித்துக் கொடுத்ததை வாயில் போட்டு மென்றவள் முகம் சுளித்தாள்.

"ஏண்டி, சுண்ணாம்பை என்ன உங்கப்பன் சீதனமாவா கொண்டாந்தாரு? தாராளமா வையிடி!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பொய்யைக் கண்டுபிடித்ததால்தான் நான் ஜெயித்தேன் என்று அன்று நினைத்தேன். மாத்திரை நின்றுபோனால் என்னை விட்டுப் போக நேரும் என்று பயந்தே அவள் அந்த வெந்த வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. பந்தயத்தில் வென்றவளைப் போல இன்னொரு விரல் சுண்ணாம்பை வழித்து எடுத்தேன்.