ஒரு இஞ்ச் அக்கா

ஊரே பார்த்த ஒரு பேச்சை, ஊரே திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்த ஒரு பேச்சை, ஒருவர்கூடக் காதில் வாங்காமல் எப்படிப் போக முடியும்? தையல்கார அக்கா இப்படிக் கேட்டபோது எங்கள் தெருவில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். நடந்ததை நடந்தபடி சொல்ல முடியும், அவ்வளவுதான்.

அக்காவின் வீடு தெருவின் கடைசி வீடு. தெரு அங்கே வந்து பள்ளத்தில் முடிகிறது. முன்னறைதான் கடை. ஒரு தையல் மிஷின், துணி வெட்டுகிற பலகை, ஓரம் உடைந்த ஆளுயரக் கண்ணாடி. அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கினால் பின்னறை. அதில் கட்டில், கட்டிலில் அவளுடைய வீட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதிக்காரர். வலது பாதத்தின் அடியில் ஒரு புண், ஆறுவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு மறுபடி வாய் திறக்கும்.

கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா ஒருநாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "காலைத் தரையில வைக்கட்டும், தப்பில்ல. அழுக்குத் தண்ணி மட்டும் படவே கூடாது. பட்டுச்சுன்னா அப்புறம் காலை யாராலயும் காப்பாத்த முடியாது."

அழுக்குத் தண்ணீரோ தேடி வருகிற வீடு அது. தெருக்கோடியில் ஒரு மோட்டார் அறை உண்டு. சாக்கடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி அனுப்புவது அந்த மோட்டாரின் வேலை. அது நின்றுபோனால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை. அக்காவின் குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கி, பின்னறையை நிரப்பி, அப்புறம் படியேறிக் கடைக்குள் வரும். குளியலறையில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்டாலே அக்கா மிஷினை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடுவாள். வீட்டுக்காரரின் காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக்கால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுவாள்.

"என்னடி, காலுக்குச் சட்டையா? காலரு எங்க?" என்பார் அவர்.

"வாயை மூடிக்கிட்டுக் காலைத் தூக்குங்க. காலர் அடுத்த தடவை வைக்கிறேன்."

நகர மன்ற அலுவலகத்துக்கு அவள் நடக்காத நடையில்லை. மோட்டார்க்காரர் வருவார், இரண்டு தட்டுத் தட்டுவார், மோட்டார் ஓடும். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் இருமத் தொடங்கிவிடும். "புதுசுதான் போடணும்மா. அதை மன்றக் கூட்டத்துல முடிவு பண்ணணும்" என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மன்றக் கூட்டங்களை ஃபோனில் நேரடியாகக் காட்டத் தொடங்கினார்கள். பொதுக் காரியம் என்றால் கொட்டாவி விடுகிற ஜனங்களை எப்படியாவது உள்ளே இழுத்து வர வேண்டும் என்று ஒரு வீடியோக்காரத் தம்பியை வேலைக்கு வைத்திருந்தார்கள். நல்ல பையன், துருதுருவென்று இருப்பான். அவனே எங்கள் தெருவுக்கு வந்து அக்காவிடம் சொன்னான்: "இனிமே ஆபீஸ் படி ஏறி ஏறி இறங்க வேணாம் அக்கா. கூட்டத்துல வந்து பேசுங்க. ஊரே பார்க்கும். ஊரே பார்த்தா அவங்க செஞ்சுதானே ஆகணும்?"

அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அவசரத்தில் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து வைக்க மறந்துவிட்டாள்.

கூட்ட அறையின் சுவரில் ஒரு பெரிய திரை. யாராவது பேசப் பேச, பார்க்கிறவர்கள் அனுப்பும் இதயப் படங்கள் அதில் மிதந்து மேலே போகும். அன்றைக்கு அதுவரை ஒன்றிரண்டுதான் மிதந்தன. அக்கா பேசினாள். மோட்டாரைப் பற்றி, ஓட்டையைப் பற்றி, வீட்டுக்காரரின் காலைப் பற்றி, நர்ஸம்மா சொன்னதைப் பற்றி. திக்காமல் பேசினாள்.

மன்றத் தலைவர் கேட்டார்: "அப்படி எவ்வளவும்மா தண்ணி வரும்? சும்மா ஈரம் கசியுறதை எல்லாம் தண்ணின்னு சொல்லக் கூடாது."

அளவு கேட்டால் அக்காவால் வாயால் சொல்ல முடியாது. விறுவிறுவென்று முன்னால் போய்த் தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "எந்திரிச்சு நில்லுங்க ஐயா" என்றாள். அவரும் எழுந்தார். நாடாவின் ஒரு நுனியைத் தரையில் வைத்து, நாடாவை அவர் கணுக்காலுக்கு மேலே பேன்ட்டில் பிடித்துக் காட்டினாள். "இதோ, இதுவரைக்கும் வரும்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் துணியில் கை பட்டுவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம், விரல்கள் தாமாகவே அந்தத் துணியைக் கிள்ளிப் பிடித்தன, வாயும் தானாகவே சொல்லிவிட்டது: "கால் ரொம்பத் தொளதொளன்னு இருக்கே ஐயா. ஒரு இஞ்ச் பிடிச்சா எடுப்பா நிக்கும்."

அறையே வெடித்துச் சிரித்தது. தலைவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரையில் இதயங்கள் கொப்பளித்துக்கொண்டு கிளம்பின. "ஐயா, அந்த மோட்டாரு..." என்று அக்கா தொடங்கினாள். "பிடிச்சிருவோம்மா, ஒரு இஞ்ச் பிடிச்சிருவோம்!" என்றார் தலைவர். மறுபடி சிரிப்பு. அவளுக்குக் கொடுத்த நேரம் அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "யாரும் கோபப்படலைங்க. சிரிச்ச முகமா கேட்டாங்க. செஞ்சிருவாங்க."

மறுநாள் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கோவ்! தலைவருக்கே அளவெடுத்துட்டியே! அடுத்து யாரு, மந்திரியா?" ஃபோனில் அவள் மண்டியிடுவதும், "ஒரு இஞ்ச் பிடிச்சா எடுப்பா நிக்கும்" என்பதும், பாட்டோடு சுற்றிச் சுற்றி ஓடின. மோட்டார் இல்லை, ஓட்டை இல்லை, கால் இருந்தது, ஆனால் அது தலைவரின் கால்.

அதற்குப் பிறகு அவள் பெயர் ஒரு இஞ்ச் அக்கா. யார் யாரோ பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தைக்க வந்தவர்களைவிடப் படம் பிடிக்க வந்தவர்களே அதிகம். "அக்கா, அதை ஒருதரம் சொல்லுங்களேன்."

"சொல்றேன். அதோட எங்க தெரு மோட்டாரைப் பத்தியும் சொல்லிடறேன், அதையும் சேர்த்துப் போடுங்க கண்ணுங்களா."

தலையை ஆட்டுவார்கள். முதலாவதைச் சொன்னதும் ஃபோன் பைக்குள் போய்விடும்.

வீடியோக்காரத் தம்பி பூரித்துப்போய் வந்தான். "முன்னாடி எங்க கூட்டத்தை உறுப்பினருங்க வீட்டுலயே பார்க்க மாட்டாங்க அக்கா. இப்ப ஊரே பார்க்குது. ஜனங்க உள்ள வந்துட்டாங்க!"

"ஜனங்க வந்தது சந்தோஷம் தம்பி. மோட்டார் வந்துச்சா?"

"உங்க முழுப் பேச்சையும் தனியா போட்டிருக்கேனே அக்கா."

"யாராவது பார்த்தாங்களா?"

அவன் ஃபோனைத் தடவிப் பார்த்தான். "நான் பார்த்தேன்" என்றான் மெல்ல. பிறகு, புகார் சொல்ல மன்றம் புதிதாக ஒரு செயலி கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, அதை அவளுடைய ஃபோனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து முன்னறையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆளாளுக்கு ஃபோனில் அந்த வீடியோத் துண்டை ஓடவிட்டு, அதேபோல நடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க அக்காவின் குரல். ஒரு இஞ்ச், ஒரு இஞ்ச், ஒரு இஞ்ச். உள்ளே குளியலறையில் குளுக் குளுக் என்று சத்தம் வந்தது. அவள் காதில் விழவில்லை. வீட்டுக்காரர் கூப்பிட்டார். அதுவும் விழவில்லை. அவருக்கு அவசரம். எவ்வளவு நேரம் அடக்குவார்? சுவரைப் பிடித்துக்கொண்டு தாமே கட்டிலைவிட்டு இறங்கிக் குளியலறைக்கு நடந்தார்.

தண்ணீர் படியேறிக் கடைக்குள் வந்து, "ஐயே, என்ன நாத்தம்!" என்று ஒரு பெண் கத்தியபோதுதான் அக்கா திரும்பிப் பார்த்தாள். ஓடினாள். அவர் குளியலறை வாசலில் நின்றிருந்தார். கட்டு அவிழ்ந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"கூப்பிட்டேன்" என்றார். "நீ அங்க பேசிக்கிட்டே இருந்த."

"அது நான் இல்லைங்க" என்றாள் அக்கா.

அவரைக் கட்டிலில் உட்கார வைத்துக் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, செயலியைத் திறந்து புகாரை அனுப்பினாள். திரையில் ஒரு பொம்மைப் பெண் துள்ளி வந்தாள். கழுத்தில் அளவு நாடா. அக்காவின் முகம், அக்காவின் குரல். "ஒரு இஞ்ச் பிடிச்சா எடுப்பா நிக்கும்!" கீழே, உங்கள் புகார் கிடைத்தது, நன்றி என்று எழுதியிருந்தது.

நர்ஸம்மா சொன்னதுதான் நடந்தது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வீடியோக்காரத் தம்பி சுவரோடு சுவராக நின்றான். "நல்லதுன்னு நினைச்சுத்தான் அக்கா செஞ்சேன். நீங்க இல்லாட்டி யாரும் பார்த்திருக்கவே மாட்டாங்க." ஊரே பார்த்த பேச்சை ஒருவர்கூடக் காதில் வாங்காமல் எப்படிப் போக முடியும் என்ற அந்தக் கேள்வியை அக்கா முதலில் அவனிடம்தான் கேட்டாள். திட்டக்கூட இல்லை. அவனுக்குப் பதில் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்பதுபோலக் கேட்டாள். அப்புறம் தெருவில் எங்களிடமும் கேட்டாள்.

பொம்மையையாவது எடுத்துவிடுங்கள் என்று தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள். "ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா. அதைப் பார்க்கவே புகார் போடுறாங்க" என்றார் அவர். மோட்டாரை இன்னும் தட்டித் தட்டித்தான் ஓட்டுகிறார்கள்.

போன வாரம் அக்கா வீட்டுக்காரரின் பேன்ட்டை எடுத்து, வலது காலை மடித்துத் தைக்க உட்கார்ந்தாள். நாடாவை மடிப்பின்மேல் வைத்துப் பிடித்தாள்.

"எவ்வளவுங்க பிடிக்கட்டும்?"

"எவ்வளவு வேணா பிடி. ஒரு இஞ்ச்னு மட்டும் சொல்லிடாத."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. மிஷின் ஓடியது. குளியலறைப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே தைத்தாள்.

அந்தத் துண்டு உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும், நீங்களும் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். அதை அனுப்பிய அத்தனை பேருக்கும் இந்தக் கதையையும் அனுப்பிவையுங்கள். வெட்டாமல், மோட்டாரோடு சேர்த்து, முழுசாக அனுப்புங்கள்.