படபடப்பு யாருக்கு?

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில் என் மானம் போனது. சும்மா போகவில்லை... டோக்கன் போட்டு, வரிசையில் உட்கார்ந்து, முறைப்படி போனது.

என் மகள் கயல் பிளஸ் ஒன் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே காது கேட்க மெஷின். காரணம் தெரியட்டும் என்று ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட்டில் ஒன்றல்ல, பல மாற்றங்கள். அதில் எது குற்றவாளி?

அதைக் கண்டுபிடிக்கத்தான் எதிரில், ஜீன் ரிப்போர்ட்டை விளக்கி ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பெண் ஒருவர். நாம் சொல்லும் ஒவ்வொரு அறிகுறிக்கும், உலகம் முழுக்க டாக்டர்கள் ஒரே மாதிரி பயன்படுத்தும் ஒரு சொல் அவர் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். அதைத் தட்டினால், பொருந்துகிற ஜீன் முன்னால் வருமாம். சொல் தப்பினால்... தேடலே வேறு பக்கம் ஓடிவிடும்.

"எல்லாத்தையும் சொல்லுங்க சார்" என்றார்.

நம் பழக்கம் தெரியும்தானே? டாக்டரிடம் நாலு சேர்த்துச் சொன்னால்தான் கவனிப்பார். "லேசா காய்ச்சல்" என்றால் மாத்திரை. "அனலாக் கொதிக்குது" என்றால் ஊசி. பயத்தில் நானும் அள்ளி விட்டேன் — நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமே இல்லை.

கவுன்சிலர் முகம் மாறியது. "காது கேக்காததோட படபடப்புமா? அப்ப ஹார்ட்டை உடனே பாக்கணும் சார். பாப்பா மயங்கி விழுந்திருக்கா?"

"அக்கா, அது எனக்கில்ல" என்றாள் கயல். "அம்புட்டும் அப்பாவுக்கு. ரிப்போர்ட் வந்ததுல இருந்து இவருதான் தூங்கல."

கவுன்சிலர் மூன்றையும் அழித்தார். அந்தக் கீபோர்டு சத்தம் எனக்கு மட்டும் இடி மாதிரி கேட்டது. பிறகு என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் திரும்பினார்.

"வேற ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் என் மனைவி. "பொழுது சாஞ்சா கொஞ்சம் தடுமாறுவா. நேத்துகூட சிம்மக்கல் ஸ்டாப்புல பஸ் படி தெரியாம கால வச்சிட்டா. இவரு வேற, 'மகாராணி வாராங்க, செவரெல்லாம் ஒதுங்குங்க'ன்னு கத்துவாரு. வீடே சிரிக்கும்."

"பகல்ல?"

"பகல்ல ஊசியில நூல் கோப்பா."

கவுன்சிலரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மெதுவாக ஒரு சொல்லைத் தட்டினார் — மாலைக்கண்.

காதோடு கண்ணும் சேர்ந்ததும், பட்டியலில் எங்கோ அடியில் கிடந்த ஒரு மாற்றம் சரசரவென்று மேலே வந்தது. "இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது. மொதல்ல கண் டெஸ்ட் எடுப்போம்" என்றார்.

நான் கயலைப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு பார்ப்பது? இல்லாத நோயை எல்லாம் கூட்டிச் சொன்ன அதே வாய், இருந்த ஒன்றை இத்தனை நாளும் கேலி செய்திருக்கிறது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்... அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

"சார், வேற எதுக்கெல்லாம் பாப்பாவைக் கேலி பண்ணுவீங்க?" என்றார் கவுன்சிலர். "அதையும் சொல்லுங்க."

தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

என் ஜோக்குகளை ஒருவர் சிரிக்காமல் டைப் அடித்தது அன்றைக்குத்தான்.