கரடி எழுந்திருக்கும் விதம்

அம்மாவை நான் பதினோரு தடவை எழுந்திருக்கச் சொன்னேன். மல்லாபூர் வீட்டில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆபீஸ் வேலைக்கு வேணும் என்று சொல்லி, போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். முதல் மூன்று தடவை சேலையைச் சரி செய்துகொண்டு, கல்யாண போட்டோவுக்கு எழுந்து நிற்பவள் மாதிரி விறைப்பாக எழுந்தாள். அவளுக்கு அலுத்துப்போன பிறகுதான் எனக்கு வேண்டியது வந்தது.

எனக்கு அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை. ஏதோ ஒரு நாட்டுக் குழந்தைகளுக்கான தொடரை நாங்கள் இங்கே செய்து அனுப்புகிறோம். கடைசியில் ஓடுகிற பெயர்களில் எங்கள் பெயர் வராது. அந்த மாதம் என் பங்குக்கு வந்தது ஆறு நொடி. வயசான தாய்க் கரடி ஒன்று குகைத் தரையிலிருந்து எழுந்து வெளியே போகிறது, அவ்வளவுதான். ஒன்பது நாள் ஆயிற்று. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கரடிக்கு எடையே கிடையாது, பலூன் மாதிரி. எந்தக் கை முதலில் ஊன்றுகிறது, இடுப்பு எப்போது கிளம்புகிறது, தலை எவ்வளவு தாமதமாக நிமிர்கிறது என்று வீடியோவில் பார்த்துப் பார்த்து எடையை நாம்தான் ஏற்ற வேண்டும். நொடிக்கு இருபத்து நாலு படம்.

பாதி முடிந்ததும் லேப்டாப்பில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். உலையில் அரிசி வெந்ததா என்று பார்க்கிற முகத்தோடு பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"கை இடது முட்டில இருக்கு. அப்ப வலி அங்கதானடா? அந்தக் கால்லயே பாரத்தப் போட்டு எழுந்தா எப்படி?"

வீடியோவில் அவள் சரியாகத்தான் எழுந்திருந்தாள். நான்தான் அழகாக இருக்கட்டும் என்று காலை மாற்றியிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் கண்ணில்கூடப் படாத தப்பு. திருத்திக் கொடுத்தேன், ஒரே தடவையில் ஓகே ஆயிற்று. கரடிக்கு எடை இருக்கிறது என்றார் அவர். எங்கள் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

ஆனால் வெளியே நான் சாஃப்ட்வேர். அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அம்மா ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு தமிழ் இன்ஜினியர் வீட்டில் சமையல் செய்கிறாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதத் தெரியாததால் என் ஸ்கூல் ஃபாரம் எல்லாம் அந்த சார்தான் நிரப்பிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் படி என்று சொன்னவரும் அவர்தான். நான் போய்ச் சேர்ந்தது அனிமேஷன் டிப்ளமோவில். அதுவும் கம்ப்யூட்டர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டி வர அங்கே போனேன். சாரோடு வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். சார் என்னை உட்காரச் சொல்லி, நம்ம வீட்ல சமைக்கிற அம்மாவோட பையன், இப்ப சாஃப்ட்வேர்ல இருக்கான் என்று பெருமையாக அறிமுகம் செய்தார். டி.வி.யில் எங்கள் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, இங்கேயும் வர ஆரம்பித்திருந்தது. இந்தத் தெலுங்கு ஊரிலேயே பிறந்து, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் சாருடைய சின்ன மகள் திடீரென்று சிரித்தாள். கரடி, சமையல் ஆண்ட்டி மாதிரியே எழுந்திருக்கிறதாம்.

அம்மா சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். "அது நான்தான் பாப்பா. இவன்தான் செஞ்சான். முட்டியப் பாரு, நான் சொல்லி மாத்துனது."

சார் சிரித்தார். "ஏம்மா, உன்னை நீயே கரடிங்கிறியே. என்னடா, சாஃப்ட்வேர்னு சொல்லிட்டு பொம்மைப் படமா போட்டுட்டிருக்க?"

வந்தவரும் சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை.

"இல்ல சார்," என்றேன். "அதெல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிக்கும். அம்மா எதையோ பாத்துட்டு சொல்றாங்க."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பைத் துடைக்கிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "ஏண்டா, கம்ப்யூட்டருக்கு எந்த முட்டி வலிக்கும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

பொம்மைப் படம் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் ஆபீஸ் கேன்டீனில் நாங்கள் கொதிப்போம். இதையும் கலை என்று மதிக்க இந்த ஊருக்குத் தெரியவில்லை என்று அதிகம் கத்துகிறவன் நான். அந்த ஹாலில் அதை மதித்தவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் பொய்க்காரியாக்கினேன்.

இரண்டு நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டே அவளாகச் சொன்னாள். "நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். பெரிய சாஃப்ட்வேர் வேலைன்னேன். உனக்குக் கொறச்சலா இருக்கும்ல."

நான் சரி என்றேன். இல்லைம்மா என்று சொல்லியிருக்கலாம். சரி என்றுதான் வாயில் வந்தது.

இப்போது நான் அறையில் இருந்தால் அவள் தரையிலிருந்து எழுந்திருப்பதில்லை. வேலை முடிந்தாலும் எதையாவது பொறுக்குவதுபோல உட்கார்ந்தே இருக்கிறாள். நான் வெளியே போன பிறகு, முட்டியில் கையை ஊன்றி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது.

ஏ.எஸ்.ராவ் நகருக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆமாம் சார், அது அம்மாதான் என்று சொல்ல ஆறு நொடிகூட ஆகாது. இன்னும் போகவில்லை.