பேத்திக்கு வந்த என் முட்டி வலி

எங்கள் மலைநாட்டில் கோயில் நோம்பிக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. பொய்யும் பேசக் கூடாது. எல்லை தாண்டாமல் இருக்க எல்லாராலும் ஆகும். இரண்டாவதுக்குத்தான் என்னை மாதிரி ஆள் வேண்டும்.

போன நோம்பிக்கு நான், என் மகள், அவள் பெண், மூன்று பேர் கையிலும் மஞ்சள் கயிறு. பேத்தி மலைக்குக் கீழே பன்னிரண்டாவது படிக்கிறாள். டீச்சர் போனில் கூப்பிட்டார். லீவு போட்டதற்கு டாக்டர் சீட்டு கொண்டுவந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடுவார்களாம். அந்த மார்க் போனால் நர்சு படிப்பு போச்சு என்று பேத்தி அழுதாள்.

நான் போனை வாங்கினேன். "ஏனுங்க டீச்சர், பிள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. காப்புக் கட்டியிருக்குது, அதான் வரலீங்க."

"அதெல்லாம் காரணம் ஆகாதுங்க பாட்டி. காய்ச்சல்னு ஒரு சீட்டு வாங்கியாங்க."

உண்மையைச் சொன்னால் செல்லாதாம். பொய்க்குச் சீல் குத்திக் கொண்டுபோனால் செல்லுமாம். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எல்லை தாண்டாமல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக? மகள் ஆன்லைனில் ஒரு டாக்டரைப் பிடித்தாள். பேத்தி பேரையும் வயசையும் தட்டிவிட்டாள். டவர் கிடைக்கிற பாறை மேல் மூன்று பேரும் ஏறி நின்றோம். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"சொல்லுங்க, உடம்புக்கு என்ன?"

மகள் தன் கயிற்றைப் பார்த்தாள். பேத்தி தன் கயிற்றைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பொய் கலக்காமல் நோயைச் சொல்ல நோய் உள்ளவள்தானே பேச வேண்டும்?

"முட்டி வலிங்க."

"எத்தனை நாளா இருக்கு?"

"கல்யாணமாகி இந்த ஊட்டுக்கு வந்ததிலிருந்துங்க."

அவர் முன்னால் திரையில் பேத்தியின் பதினேழு வயசுதான் இருக்கிறது. மனுசன் ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

"சரிம்மா. மூணு நாள் ஓய்வு எடுங்க. மாடிப்படி ஏறாதீங்க."

நான் நின்றதே பாறை உச்சியில். கீழே இறங்குவதற்குள் சீட்டு போனுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர்கூட என் வலியை அவ்வளவு சுருக்காக நம்பினதில்லை.

"அம்மாயி, காய்ச்சல்னு சொல்லாம இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்றாள் பேத்தி.

"இங்க யாருக்குக் கண்ணு காய்ச்சல்?"

காப்பு அவிழ்த்த மறுநாள், கீழே கடையில் சீட்டை அச்சடித்து வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். யாராவது கேட்டால் பதில் சொல்ல நானும் போனேன். டீச்சர் சீட்டை நிதானமாகப் படித்தார். பேத்தி என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அடப் பாவமே, இந்த வயசுலயே முட்டி வலியா? நின்னுக்கிட்டுச் செய்ய வேண்டாம் சாமி" என்றவர், உள்ளே ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

பேத்தி ஜம்மென்று உட்கார்ந்து தேர்வைச் செய்தாள். முட்டிக்குச் சொந்தக்காரியை, வெளியாள் உள்ளே வரக் கூடாது என்று கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள்.